பட்டா கைக்கு வருவதற்குள்: மொய்செஸ்வில், ஒரு நிகழ்வு ஆய்வு

அர்ஜென்டினாவின் சான்டா ஃபே மாகாணத்தில், மேடு பள்ளம் இல்லாமல் விரிந்து கிடக்கும் பாம்பாஸ் சமவெளியில், மொய்செஸ்வில் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. இன்று அங்கே மூவாயிரம் பேர்கூட இல்லை. ஆனால் ஊருக்குள் 1929இல் கட்டிய பெரிய நாடக அரங்கு ஒன்று, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் எழுதிய புத்தகங்கள் இருக்கும் நூலகம் ஒன்று, யூத ஜெப ஆலயங்கள், எபிரேய எழுத்துப் பொறித்த கல்லறைகள் எல்லாம் உண்டு. ரஷ்யப் பேரரசிலிருந்து ஓடிவந்த யூதக் குடும்பங்கள் 1889இல் உருவாக்கிய வேளாண் ஊர் இது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஊர் முழுக்க அவர்கள்தான். இப்போது அவர்கள் சிறு பங்கினர்.

ஏன் போனார்கள்? இந்தக் கேள்விக்கு அர்ஜென்டினாவின் யூத வேளாண் காலனிகள் எல்லாவற்றிலும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "கோதுமை விதைத்தோம், டாக்டர்களை அறுத்தோம்." பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், படித்த பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள் என்று பொருள். பெருமையும் வருத்தமும் கலந்த பேச்சு அது. பொய்யும் இல்லை. ஆனால் அதில் பாதிக் காரணம்தான் இருக்கிறது. மீதிப் பாதி நில ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கிறேன்.

கையில் காகிதம், காலடியில் நிலமில்லை

1881இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து யூதர்கள் மேல் கும்பல் தாக்குதல்கள் தொடங்கின. மறு ஆண்டு வந்த 'மே சட்டங்கள்' யூதர்கள் கிராமங்களில் புதிதாகக் குடியேறுவதையும், அங்கே நிலம் வாங்குவதையும் குத்தகைக்கு எடுப்பதையும் தடுத்தன. இன்றைய உக்ரைனில் இருக்கும் பொடோலியாவின் காமெனெட்ஸ் பகுதியில் வாழ்ந்த யூதர்கள் பெரும்பாலும் சிறு வியாபாரிகள், கைத்தொழில் செய்தவர்கள். ஏர் பிடித்தவர்கள் அவர்களில் குறைவு. நிலத்தின் பக்கமே போகக்கூடாது என்று சட்டம் போட்டுத் தள்ளிவைத்த மனிதர்கள், உழுது பிழைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இந்தக் கதையில் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது அந்த முடிவுதான்.

அவர்கள் போக நினைத்தது பாலஸ்தீனத்துக்கு. உதவி கேட்க எலியேசர் காவுஃப்மன் என்பவரைப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். எதிர்பார்த்த உதவி கிடைக்கவில்லை. அதே பாரிஸில் அர்ஜென்டினா அரசு குடியேறிகளைத் திரட்ட ஓர் அலுவலகம் வைத்திருந்தது. அதன் வழியாக புவெனஸ் ஐரஸ் மாகாணத்தில் ரஃபாயெல் எர்னாண்டஸ் என்பவருக்குச் சொந்தமான நிலத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். வாங்குபவர்கள் யாரும் அந்த நிலத்தை நேரில் பார்த்ததில்லை. நடுவில் ஒரு கடல்.

1889 ஆகஸ்ட் 14 அன்று 'வேசர்' என்ற ஜெர்மன் நீராவிக் கப்பல் 824 பேருடன் புவெனஸ் ஐரஸ் துறைமுகத்தை அடைந்தது. குழந்தை குட்டிகள், யூத வேதமான தோராவின் சுருள்கள், முறைப்படி மாடு அறுப்பவர் வரை கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு சமூகமே மூட்டை கட்டிக்கொண்டு வந்தது என்று சொல்லலாம். இறங்கியதும் நிலம் இல்லை என்றார்கள். அந்த ஆண்டுகளில் அர்ஜென்டினாவில் நில விலை வெறிபிடித்ததுபோல ஏறிக்கொண்டிருந்தது. (மறு ஆண்டே அந்தக் குமிழி வெடித்து நாட்டின் நிதியையே சாய்த்தது.) ஒப்பந்தம் போட்டபோது இருந்த விலைக்கும் கப்பல் வந்தபோது இருந்த விலைக்கும் இடைவெளி பெரிது. உடைமையாளர் பின்வாங்கிவிட்டார்.

புவெனஸ் ஐரஸில் இருந்த சிறிய யூத சபை இவர்களுக்காக ஓடியாடியது. சபையின் வழக்கறிஞரான பேத்ரோ பலாசியோஸ், சான்டா ஃபே மாகாணத்தில் புதிதாகப் போடப்பட்டுவந்த ரயில் பாதையோரம் பெரும் நிலம் வைத்திருந்தவர். ரயில் வந்துவிட்டது, ஆனால் உழுவதற்கு ஆள் இல்லை. ஆள் இல்லாத நிலத்துக்கு விலை ஏது? இவர்களிடமோ ஆள் உண்டு, நிலம் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் புது ஒப்பந்தம் கையெழுத்தானது. நிலத்தோடு மாடு, கருவி, விளைச்சல் வரும்வரை சாப்பாடு எல்லாம் தருவதாகப் பேச்சு.

அந்த நிலம் சும்மா கிடந்ததும் இயல்பாக நடந்ததல்ல. வடக்கு சான்டா ஃபேயில் மொகோவி முதலிய பழங்குடி மக்களை ராணுவம் விரட்டிய பிறகுதான் அது 'காலி நிலம்' என்று வரைபடத்தில் ஏறியது. ஒரு மண்ணிலிருந்து துரத்தப்பட்டவர்கள், இன்னொருவரைத் துரத்திய மண்ணில் வந்து இறங்கினார்கள். வந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. எழுதுகிற நாம் சொல்லாமல் விடக்கூடாது.

ரயில் கொட்டகையில்

அவர் பெயரையே கொண்ட பலாசியோஸ் ரயில் நிலையத்தில் இறங்கியவர்களுக்கு வீடு இல்லை, கூடாரம் இல்லை, கலப்பை இல்லை. சரக்குக் கொட்டகையிலும் நின்றுபோன ரயில் பெட்டிகளிலும் ஒண்டிக்கொண்டார்கள். சாப்பாடு வரும் என்று சொன்னது வரவில்லை. நாட்கள் வாரங்களாயின. அந்தப் பாதையில் போகிற வரும் ரயில்களின் ஜன்னல்களைப் பார்த்துக் குழந்தைகள் கை நீட்டினார்கள். பயணிகளும் ரயில் பாதைத் தொழிலாளர்களும் கொடுத்த காய்ந்த ரொட்டிதான் பல நாள் உணவு.

பிறகு தொற்றுநோய் வந்தது. 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். சவப்பெட்டி செய்யப் பலகை இல்லாமல், குழந்தைகளை மண்ணெண்ணெய் டின்களில் வைத்துப் புதைத்ததாக அந்தக் குடும்பங்களின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. நாலு மூலைத் தகர டின். நம் ஊரிலும் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த அதே பொருள். அதைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு தகப்பனை நினைத்துப் பார்த்தபின் இந்த நிகழ்வை வெறும் ஒப்பந்தப் பிரச்சினையாக என்னால் படிக்க முடியவில்லை.

அந்த வழியாக ரயிலில் போன வில்ஹெல்ம் லோவென்டால் என்ற மருத்துவ அறிஞர் இவர்களைக் கண்டார். ருமேனியாவில் பிறந்தவர், அர்ஜென்டினா அரசின் பணியாக வந்திருந்தவர், அவரும் யூதர். இறங்கி விசாரித்தார். திரும்பியதும் வெளியுறவு அமைச்சர் எஸ்தானிஸ்லாவ் செபாயோஸிடம் முறையிட்டார். அரசு அழுத்தம் கொடுத்தபின் பலாசியோஸ் தரப்பு கொஞ்சம் அசைந்தது. லோவென்டால் அதோடு நிற்கவில்லை. சரியான நிலமும் முன்பணமும் ஒழுங்கான நிர்வாகமும் இருந்தால் ரஷ்ய யூதர்கள் இங்கே உழவர்களாக நிலைக்க முடியும் என்று ஒரு திட்டத்தை எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்.

இதற்குள் பலர் மனம் வெறுத்து நகரங்களுக்கும் மற்ற இடங்களுக்கும் சிதறியிருந்தார்கள். மிஞ்சிய சுமார் 50 குடும்பங்கள் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே போய் 1889 அக்டோபரில் குடியமர்ந்தன. ஊருக்கு என்ன பெயர் என்று கேட்டபோது, குழுவின் ரப்பி (யூத மதகுரு) ஆரோன் கோல்ட்மன் 'கிரியாத் மோஷே' என்றார். மோசேயின் ஊர் என்று பொருள். வேதக் கதையில் மோசே இஸ்ரவேலரை எகிப்திலிருந்து கூட்டிவந்ததுபோல ரஷ்யாவிலிருந்து தாங்கள் வெளியேறியதை அவர் நினைத்தார். பதிவேட்டில் அது பிரெஞ்சும் ஸ்பானிஷும் கலந்து மொய்செஸ்வில் என்று ஏறியது. அத்தனை குழந்தைகளைப் புதைத்த கையோடு விடுதலையின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

பாரனின் பணம்

லோவென்டாலின் திட்டம் போய்ச் சேர்ந்த இடம் பாரன் மாரிஸ் டி ஹிர்ஷ். ஒட்டோமான் பேரரசில் ரயில் பாதை போட்டுப் பெருஞ்செல்வம் சேர்த்தவர். ஒரே மகன் லூசியன் 1887இல் இறந்துவிட்டான். ரஷ்யாவிலேயே யூதர்களுக்குப் பள்ளிகள் கட்ட அவர் கொடுக்க முன்வந்த பெருந்தொகை நடைமுறைக்கு வரவில்லை. மக்களை வெளியே கொண்டுவந்து உழவர்களாக்குவதுதான் வழி என்று முடிவு செய்தார். 1891இல் 20 லட்சம் பவுண்டு மூலதனத்துடன் லண்டனில் யூதக் குடியேற்றச் சங்கத்தைப் பதிவு செய்தார். அர்ஜென்டினாக் குடியானவர்கள் அதை 'லா ஜூயிஷ்' என்றே சொன்னார்கள். மொய்செஸ்வில்லையும் சங்கம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் அர்ஜென்டினாவில் மட்டும் சங்கத்திடம் சுமார் 6 லட்சம் ஹெக்டேர் நிலம் இருந்தது.

ஹிர்ஷுக்குப் பிச்சை போடுவது பிடிக்காது. கொடுப்பது கடனாக இருக்க வேண்டும், வாங்கியவன் உழைத்துத் திருப்பிக் கட்டித் தலைநிமிர வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனால் நிலம் தானமாக வரவில்லை. வீடு, மாடு, விதை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குடும்பத்தின் பெயரில் கடன் ஏறியது. நீண்ட ஆண்டுத் தவணை, அதற்கு வட்டி. முழுதும் கட்டி முடிக்கும்வரை பட்டா சங்கத்தின் பெயரில். உள்குத்தகைக்கு விடக்கூடாது. குடும்பம் அங்கேயே தங்கி உழ வேண்டும். நல்ல விளைச்சல் வந்த ஆண்டில் மொத்தக் கடனையும் முன்கூட்டியே கட்டிப் பட்டாவை வாங்கிக்கொள்கிறேன் என்றாலும் சங்கம் எளிதில் ஒப்புக்கொள்ளாது.

ஏன் இந்த இறுக்கம்? சங்கத்தின் பக்கம் நியாயம் இருந்தது. பட்டா கையில் வந்ததும் முதல் வறட்சியில் விற்றுவிட்டு நகரத்துக்குப் போய்விடுவார்கள், நில வியாபாரிகள் கொத்திக்கொண்டு போவார்கள் என்று பயந்தார்கள். 1889இல் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வராமல் இருக்குமா? ஆனால் முடிவுகள் பாரிஸில் எடுக்கப்பட்டன. அங்கிருந்து புவெனஸ் ஐரஸ் அலுவலகம், அங்கிருந்து காலனி நிர்வாகி, கடைசியில் குடியானவர். விதை வாங்கவும் மாடு மாற்றவும் நிர்வாகியின் வாசலில் நின்றவர்கள் இவர்கள். முதல் ஆண்டுகளில் இயக்குநர்களும் அடிக்கடி மாறினார்கள். முதல் இயக்குநராக அமர்த்திய லோவென்டாலையே ஓராண்டுகூட வைத்திருக்கவில்லை. 1892இல் வந்த கர்னல் ஆல்பர்ட் கோல்ட்ஸ்மிட் புனேயில் பிறந்தவர், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. அவரும் அடுத்த ஆண்டே திரும்பிவிட்டார். ஹிர்ஷ் 1896இல் இறந்தார். மொய்செஸ்வில்லை அவர் நேரில் பார்த்ததே இல்லை.

குதிரைமசால்

பணம் வந்ததால் மட்டும் ஊர் பிழைக்கவில்லை. முதல் ஆண்டுகளில் கோதுமை போட்டார்கள். வெட்டுக்கிளி வந்தது. மழை பொய்த்தது. வெட்டுக்கிளி என்றால் நாலு பூச்சி அல்ல. வானம் கறுத்து இறங்கினால் பச்சை என்று ஒன்று மிஞ்சாது. தகரத்தைத் தட்டியும் புகை போட்டும் விரட்டுவார்கள். பள்ளம் வெட்டி, பறக்க முடியாத குஞ்சுகளை அதில் தள்ளி மூடுவார்கள். அதோடு ஊர் ஓரத்தில் கொலைகளும் நடந்தன. பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற ஆல்பர்டோ கெர்ச்சுனோஃபின் தந்தையை 1891இல் மொய்செஸ்வில்லில் ஒரு கவுச்சோ, அதாவது சமவெளியில் குதிரைமேல் மாடு மேய்ப்பவன், குத்திக் கொன்றான். குடும்பம் வேறு மாகாணத்துக் காலனிக்கு இடம் பெயர்ந்தது.

மாற்றம் 1890களின் பிற்பகுதியில் வந்தது, ஒரு தீவனப் பயிரின் வடிவில். அல்பால்ஃபா. நம் மாட்டுக்காரர்கள் குதிரைமசால் என்று சொல்லும் அதே பயிர்தான். கோதுமைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனித்தால் ஊர் எப்படி நின்றது என்று புரியும். கோதுமை ஆண்டுக்கு ஒரு வெள்ளாமை. அறுப்பு நேரத்தில் பூச்சியோ ஆலங்கட்டியோ வந்தால் ஆண்டே போச்சு. குதிரைமசாலை ஒருமுறை விதைத்தால் சில ஆண்டுகள் நிற்கும். வேர் ஆழமாக இறங்கி அடி ஈரத்தைக் குடிக்கும். அறுக்க அறுக்கத் துளிர்க்கும். வெட்டுக்கிளி மேய்ந்துவிட்டுப் போனாலும் வேரிலிருந்து மறுபடி கிளம்பும். காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். அதை மாட்டுக்குப் போட்டால் இறைச்சி, பால், வெண்ணெய். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பணம், மாதாமாதம் வரும் பணமாக மாறியது. கடன் தவணை கட்டுகிற குடும்பத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1894 முதல் ரஷ்யப் பேரரசின் க்ரோட்னோ பகுதியிலிருந்து புதிய குழுக்கள் வந்தன. முதல் குழுவுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் நோவே கோசியோவிச். ஒரே வட்டாரத்து ஆட்கள், ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் என்பதால் இவர்கள் சிதறவில்லை. அண்டை ஊர்களில் இத்தாலியின் பியமான்ட்டிலிருந்து வந்த உழவர்கள் இருந்தார்கள். உள்ளூர் கவுச்சோக்களிடம் குதிரையும் கயிறும் பழகினார்கள். ஒரு தலைமுறைக்குள் தொப்பியும் தாடியுமாக வந்தவர்களின் பிள்ளைகள் பொம்பாச்சா கால்சட்டை போட்டுக் குதிரைமேல் மாடு மடக்கினார்கள். வீட்டில் இத்திஷ், களத்தில் ஸ்பானிஷ், சுரைக்குடுக்கையில் மாத்தே என்ற இலைத் தேநீர்.

1908இல் 'லா மூத்துவா அக்ரிகோலா' என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். விதையும் கருவியும் சேர்ந்து வாங்க, விளைச்சலைச் சேர்ந்து விற்க, கைமாற்றுக் கடன் கொடுக்க. லா ஜூயிஷ் நிர்வாகியிடம் தனியாளாக நின்று பேசியவர்கள் இப்போது ஊராகப் பேசினார்கள். 1909இல் 'கடிமா' நூலகச் சங்கம் வந்தது. எபிரேயத்தில் முன்னோக்கி என்று பொருள். அதன் அரங்கத்தில் பட்டணத்து இத்திஷ் நாடகக் குழுக்கள் வந்து ஆடின. மாட்டுத் தொழுவத்து வேலை முடித்துக் கைகால் கழுவிக்கொண்டு, வண்டி கட்டிப் பல மைல் வந்து நாடகம் பார்த்த குடியானவர்கள் அவர்கள்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைகளுக்கு ஸ்பானிஷ் கற்றுத்தர யார் கிடைப்பார்கள்? மொராக்கோ முதலிய இடங்களின் யூதர்கள் பேசிய மொழி பழைய ஸ்பானிஷ். பாரிஸின் யூதக் கல்விச் சங்கத்தில் பயின்ற அந்த ஊர்களின் ஆசிரியர்களைக் குடியேற்றச் சங்கம் வரவழைத்தது. உக்ரைனிலிருந்து வந்த இத்திஷ் பேசும் குழந்தைக்கு, வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஆசிரியர், தென்னமெரிக்காவில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தார். இந்தப் பள்ளிகள் பிறகு அரசிடம் போயின.

பட்டா

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். குடியேற்றச் சங்கம் ஒரு குடும்பத்துக்குப் பொதுவாகக் கொடுத்தது 75 முதல் 150 ஹெக்டேர் வரை. நம் கணக்கில் 185 ஏக்கருக்கு மேல். கேட்டால் ஜமீன்போலத் தோன்றும். ஆனால் கிணறு வெட்டி மூன்று போகம் எடுக்கும் நிலமல்ல அது. வானம் பார்த்த சமவெளி, மாடு மேய்ச்சல். ஒரு குடும்பம் வசதியாக வாழச் சரியான அளவு, அவ்வளவுதான்.

அந்தக் குடும்பத்தில் நாலு மகன்கள் என்று வைத்துக்கொள்வோம். நிலத்தைப் பிரிக்க ஒப்பந்தம் விடாது. பிரித்தாலும் நாலில் ஒரு பங்கில் மாடு வளர்த்துத் தவணை கட்ட முடியாது. பக்கத்தில் சங்கத்தின் நிலம் சும்மா கிடக்கிறது. மூத்தவனுக்குக் கல்யாணமாகிவிட்டது, அதைக் கொடுங்கள் என்று தகப்பன் கேட்கிறார். அது ரஷ்யாவிலிருந்து இனி வரப்போகிறவர்களுக்கு என்று ஒதுக்கியது என்று பதில் வருகிறது. வேண்டுமானால் தூரத்தில் புதிதாகத் தொடங்கும் காலனியில் இடம் தருகிறோம், மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள் என்கிறார்கள். குடியானவர்களுக்கும் சங்கத்துக்கும் பல ஆண்டுகள் ஓயாமல் நடந்த சச்சரவு இதுதான்.

ரஷ்யாவில் ஆபத்தில் இருந்தவர்களுக்காக நிலத்தை ஒதுக்கியதை நான் குறை சொல்லமாட்டேன். 1903இல் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் நடந்த யூதர் படுகொலையைப் பார்த்த எவரும் அப்படித்தான் யோசித்திருப்பார்கள். ஆனால் அதன் விளைவு மொய்செஸ்வில்லின் வீடுகளுக்குள் நடந்தது. ஒரு மகன் நிலத்தில் நின்றான். மற்றவர்களுக்குத் தகப்பனால் கொடுக்க முடிந்த ஒரே சொத்து படிப்பு. ரொசாரியோவுக்கும் புவெனஸ் ஐரஸுக்கும் அனுப்பினார்கள். டாக்டர்கள் ஆனார்கள். ஆகவே "டாக்டர்களை அறுத்தோம்" என்பதைக் காரணமாகச் சொல்வதைவிட, நிலம் கிடைக்காததன் விளைவாகச் சொல்வதே சரி என்று நினைக்கிறேன். படிப்பின்மேல் யூதக் குடும்பங்களுக்கு இருந்த ஆசை உண்மைதான். பக்கத்து வயல் கிடைத்திருந்தால் இரண்டாவது மகனும் மூன்றாவது மகனும் அத்தனை பேருமா போயிருப்பார்கள்?

என் கணிப்புக்கு எதிரான சான்றும் இருக்கிறது. தவணை கட்டி முடித்துப் பட்டா வாங்கியவர்களில் பலர், நில விலை ஏறியிருந்த ஆண்டுகளில் விற்றுவிட்டுப் பிள்ளைகள் இருக்கும் நகரத்துக்கே போனார்கள். சங்கம் எதற்குப் பயந்ததோ அதுவே நடந்தது. எனினும் அவர்கள் விற்ற நேரத்தைப் பாருங்கள். பட்டா கைக்கு வரும்போது தகப்பனுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் நகரத்தில் வேரூன்றிவிட்டார்கள். பின்னால் நின்று ஏர் பிடிக்க ஆள் இல்லாத நிலத்தை அவர் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? இருபது ஆண்டுக்கு முன்னால் அதே காகிதம் வந்திருந்தால் அடகு வைத்துப் பக்கத்து நிலத்தை வாங்கியிருப்பார். 1930களின் உலகப் பொருளாதாரச் சரிவும், 1948க்குப் பின் இஸ்ரேலுக்குப் போனதும் இந்த ஓட்டத்தை வேகப்படுத்தின. தொடக்கம் அதற்கு முன்பே.

ஆட்கள் குறையத் தொடங்கிய காலத்தில்தான் ஊர் தன் பெரிய காரியம் ஒன்றைச் செய்தது. 1943இல் எபிரேய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். யோசெஃப் திராஸ்னின் பெயரிலான பள்ளி அது. நாட்டின் பல மூலைகளிலிருந்து பிள்ளைகள் வந்து தங்கிப் படித்து, அர்ஜென்டினாவின் யூதப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாகப் போனார்கள். தன் பிள்ளைகளை நிலத்தில் நிறுத்த முடியாத ஊர், ஊரார் பிள்ளைகளைக் கூட்டி வந்து வளர்த்தது.

இன்று மொய்செஸ்வில்லில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் இத்தாலிய, கிரியோல் (பழைய உள்ளூர் அர்ஜென்டினா) வம்சாவளியினர். 1999இல் அரசு இதைத் தேசிய வரலாற்று ஊர் என்று அறிவித்தது. ரப்பி கோல்ட்மனின் பெயரில் அருங்காட்சியகம் நடக்கிறது. போனவர்களின் பேரப் பிள்ளைகள் கல்லறையில் பெயர் தேடி வருகிறார்கள். சுற்றுவட்டாரம் இன்றும் அர்ஜென்டினாவின் பெரிய பால் வட்டாரம். வேலிக்கு அப்பால் குதிரைமசால் நிற்கிறது, கறவை மாடுகள் மேய்கின்றன.